உரிமைச் சாசனமும் எல்லைக் கோடும்

தமிழ் வழங்கிய நிலத்திற்கு வடக்கெல்லை எது என்ற வினாவிற்குத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை விடையாகத் தந்தது. அந்த வேங்கடத்தின் அடிவாரத்தில் குடியிருப்பவர் நாம். மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மனிதர் வரைந்த எல்லைகளோ நம் முன்னோர் காலந்தொட்டு நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூர், 1911 ஏப்ரல் 1ஆம் நாள் தன் பெயராலேயே ஒரு மாவட்டத்தைப் பெற்றது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் அம்மாவட்டம் சென்னை மாநிலத்தை விட்டுப் புதிய ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதியைக் கொடுத்துச் சத்தியவேடுப் பகுதியைப் பெற்றது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஏப்ரல் மாதத்திற்கும் நம் சித்தூருக்கும் என்ன தொடர்போ, நாம் அறியோம்.

இவ்வாறு கோடுகள் இடம் மாறுந்தோறும், ஊரைவிட்டு ஓரடியும் பெயராத குடும்பங்கள் ஓரிரவில் பெரும்பான்மையோர் என்ற நிலையினின்று சிறுபான்மையோர் என்ற நிலைக்கு மாறின. பிழைப்பின் பொருட்டுப் பின்னர் வந்து குடியேறிய நம்மனோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். கோட்டிற்கு அப்புறம் நின்றுவிட்டவனுக்குக் காவல் யார்? தில்லியா, மாநிலத் தலைநகரமா, நீதிமன்றமா, எழுதி வைத்த ஏடா? இவ்வினா நம் அரசியல் நிர்ணய சபையில் எழுவதற்கு 160 ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் வேறோர் உருவில் எழுந்து, அந்நாட்டையே இரு கட்சியாகப் பிரித்தது. அங்கே நிகழ்ந்த வாதத்தை ஒருமுறை கேட்டு வந்தால், நம் அரசியல் சட்டத்தில் நம்மைப் போன்றோர்க்கென எழுதப்பட்ட சில விதிகளின் அருமையும் அவற்றின் குறையும் ஒருங்கே விளங்கும்.

1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரில் பன்னிரண்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடினர். பதின்மூன்றாவதாகிய ரோட் ஐலண்டு ஆள் அனுப்பவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை ஓட்டிய மாநிலங்கள் தமக்குள் தளர்ந்த ஒரு கூட்டணியாய் நின்றன. வரி விதிக்கவும் வழியற்ற மைய அரசைக் கொண்டு நாட்டை நடத்த இயலாது என்பதை அனுபவம் காட்டியது. ஆகவே வலிமை மிக்க ஓர் ஒன்றிய அரசை அமைக்கும் சட்டத்தை அவர்கள் எழுதினர். வேலை முடியுந்தறுவாயில், செப்டம்பர் 12ஆம் நாள், வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, இச்சட்டத்திற்கு முன்னுரையாக மக்களின் உரிமைச் சாசனம் ஒன்று வேண்டும் என்றார். அவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1776இல் வர்ஜீனியாவின் உரிமை அறிக்கையை வரைந்த கை அவருடையது. ஆயினும் வாக்களித்த மாநிலங்கள் அனைத்தும் அக்கோரிக்கையை மறுத்தன. மாநிலங்களின் உரிமை அறிக்கைகள் இருக்க, இன்னொன்று எதற்கு என்பது அவர்கள் வாதம். ஐந்து நாள் கழித்து 39 பேர் கையெழுத்திட்டனர். மேசனும், எல்பிரிட்ஜ் கெர்ரியும், எட்மண்ட் ராண்டால்பும் கையெழுத்திட மறுத்து வெளியேறினர்.

அதன் பின்னர் மாநிலந்தோறும் வாதம் மூண்டது. ஒன்றிய அரசை ஆதரித்தோரில் முதல்வராகிய அலெக்சாண்டர் ஹாமில்டன், உரிமைச் சாசனம் வேண்டாதது மட்டுமன்று, தீங்கும் ஆகும் என்று எழுதினார். பத்திரிகையை அடக்கும் அதிகாரமே ஒன்றிய அரசிற்குத் தரப்படாதபோது, அடக்கலாகாது என்று எழுதுவானேன்? எழுதினால், எழுதாதவற்றில் எல்லாம் அதிகாரம் உண்டு என்று நாளை ஒருவன் வாதிடுவானே என்பது அவர் அச்சம். எதிர்க்கட்சியில் பாட்ரிக் ஹென்றி வர்ஜீனியாவில் இடிபோல் முழங்கினார். சட்டத்தின் தொடக்கத்தில் மாநிலங்களின் பெயரால் பேசாமல் மக்களின் பெயரால் பேசத் துணிந்தது ஏன் என்பதே அவருடைய முதற் கேள்வி. மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற வாக்கிலும், வர்ஜீனியா 89க்கு 79 என்ற வாக்கிலும், நியூயார்க் 30க்கு 27 என்ற வாக்கிலும் சட்டத்தை ஏற்றன. திருத்தங்கள் வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லையேல் இவ்வளவு சிறிய வேறுபாட்டில் அது வென்றிராது.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய மனிதர் ஜேம்ஸ் மாடிசன். அவரும் தொடக்கத்தில் சாசனத்தை விரும்பியவரல்லர். தாளில் எழுதிய வேலி, பெரும்பான்மையோர் ஒன்றுதிரண்டு தள்ளும்போது நிற்குமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. 1788 அக்டோபரில் தாமஸ் ஜெபர்சனுக்கு அவர் எழுதிய மடலில் ஒரு கூர்மையான கருத்து இருக்கிறது. மன்னராட்சியில் மக்கள் அஞ்சவேண்டியது மன்னனை. குடியாட்சியில் அதிகாரம் பெரும்பான்மை மக்களிடம் இருப்பதால், தனி மனிதன் உரிமைக்கு வரும் ஆபத்தும் அப்பெரும்பான்மையினிடமிருந்தே வரும். அரசாங்கம் அவர்கள் கைக்கருவியாகும். இக்கருத்தை அவர் புத்தகத்திலிருந்து பெறவில்லை. அவருடைய வர்ஜீனியாவிலேயே, அரசு ஒப்புதல் பெறாமல் சமயப் பிரசாரம் செய்த பாப்டிஸ்டுப் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டதை இளமையில் கண்டவர் அவர். அவர்களைச் சிறையிட்டது நெடுந்தொலைவிலிருந்த மன்னன் நேரே விடுத்த ஆணையன்று. பக்கத்து ஊர் நீதிபதிதான்.

ஜெபர்சனோ, சாசனம் இருந்தால் அது நீதிபதிகளின் கையில் ஓர் ஆயுதமாகும் என்று விடையெழுதினார். 1789இல் மாடிசன் காங்கிரசுத் தேர்தலில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து நின்று, திருத்தம் கொண்டுவருவதாக வாக்குறுதி தந்து, 336 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் வாக்கைக் காத்தார். அவர் முன்மொழிந்தவற்றுள் ஒன்று, மனச்சான்றின் உரிமையையும், பத்திரிகைச் சுதந்திரத்தையும், குற்ற வழக்கில் நடுவர் குழுவின் விசாரணையையும் எந்த மாநில அரசும் மீறலாகாது என்பது. எல்லாவற்றிலும் இதுவே மதிப்பு மிக்கது என்று அவர் சபையில் வாதிட்டார். கீழ்ச்சபை அதை ஏற்றது. மாநிலச் சட்டசபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட செனட் சபை, கதவடைத்து நடந்த கூட்டத்தில் அதை நீக்கிவிட்டது. எஞ்சியவற்றுள் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15ஆம் நாள் நிறைவேறின. உலகம் புகழும் அமெரிக்க உரிமைச் சாசனம் அதுவே. மாடிசன் பெரிதென மதித்த அந்த ஒரு விதி மட்டும் அதில் இல்லை.

அது இல்லாததன் விளைவு 1833இல் வெளிப்பட்டது. பால்டிமோர் நகரத்தில் ஜான் பாரன் என்பவர்க்கு ஒரு படகுத்துறை இருந்தது. நகராட்சி தெருக்களைச் செப்பனிட ஓடைகளைத் திருப்பியது. மணல் வந்து துறையில் அடைத்துக் கப்பல் அணுக இயலாமற் போயிற்று. இழப்பீடு கேட்டு உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், உரிமைச் சாசனம் ஒன்றிய அரசை மட்டுமே கட்டும், மாநிலத்தையும் நகராட்சியையும் கட்டாது என்று தீர்ப்பளித்தார். தில்லி செய்தால் குற்றம், பஞ்சாயத்து செய்தால் குற்றமன்று என்பதுபோல் ஆயிற்று! மாநில உரிமை என்ற முழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் அடிமை முறைக்குக் கவசமாய் இருந்ததையும் மறத்தலாகாது. உரிமைச் சாசனம் கேட்ட மேசனே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்து, 1868இல் பதினான்காம் திருத்தம் வந்த பின்னரே, மாநில அரசும் தனி மனிதன் உரிமைக்குக் கட்டுப்பட்டது என்ற கொள்கைக்கு அடி போடப்பட்டது.

அத்திருத்தத்தின் பயனை மொழிச் சிறுபான்மையோர் பெற இன்னும் அரை நூற்றாண்டு கழிந்தது. முதல் உலகப் போரின் வெறுப்பு ஆறாத 1919ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலமல்லாத வாழும் மொழி எதையும் கற்பிப்பது குற்றம் என்று சட்டம் செய்தது. குறி வைத்தது அங்கே குடியேறிய ஜெர்மானியரை. 1920 மே மாதம் ராபர்ட் மேயர் என்ற திருச்சபைப் பள்ளி ஆசிரியர், பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை படிப்பித்தார். அவருக்கு 25 டாலர் அபராதம். மாநில நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. 1923 ஜூன் 4ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. ஒரு பிள்ளைக்குத் தாய்மொழிக் கதை சொல்லலாம் என்பதற்கு 1791இலிருந்து 132 ஆண்டு!

இப்பொழுது நம் நாட்டிற்கு வருவோம். நம் அரசியல் நிர்ணய சபையினர் அமெரிக்கரின் இந்த நெடும்பயணத்தை அறிந்திருந்தனர். அடிப்படை உரிமைகளை எழுதுங்காலத்து, அவை எந்த அரசைக் கட்டும் என்ற ஐயத்திற்கே இடம் வைக்கவில்லை. பன்னிரண்டாம் விதியில் அரசு என்ற சொல்லிற்குப் பொருள் கூறும்போது, ஒன்றிய அரசு, பாராளுமன்றம், ஒவ்வொரு மாநிலத்தின் அரசு, அதன் சட்டசபை, நகராட்சி முதலிய உள்ளூர் அமைப்புகள் ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டனர். மாடிசன் இழந்த விதியை நாம் முதல் நாளிலேயே பெற்றோம். பால்டிமோர் துறைக்காரருக்குக் கிடைக்காத நியாயம், நகராட்சிக்கு எதிராகவும் நம்மிடம் கேட்கத்தக்கதாயிற்று.

அச்சபையிலே நம் ஊரார் ஒருவரும் இருந்தார். திருச்சானூரிற் பிறந்து, சித்தூரில் வழக்கறிஞராய்ப் புகழ்பெற்ற எம். அனந்தசயனம் ஐயங்கார் அவர். பின்னாளில் 1956 முதல் 1962 வரை லோக்சபையின் சபாநாயகராய் விளங்கினார். சபையில் எல்லோரும் உரிமை விதிகளைக் கண்டு மகிழ்ந்தனர் என்று எண்ண வேண்டா. 1947 ஏப்ரலில் சோமநாத் லாகிரி, இவ்வுரிமைகள் பல போலீசுக் கான்ஸ்டபிளின் கண்கொண்டு எழுதப்பட்டவை என்று குத்திக் காட்டினார். அவர் கூற்று முற்றும் பொய்யன்று என்பதை, அன்று சித்தூரும் திருப்பதியும் அடங்கியிருந்த சென்னை மாநிலமே மெய்ப்பித்தது. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் வார இதழைத் தன் எல்லைக்குள் வரவிடாது சென்னை அரசு தடுத்தது. 1950 மே 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் அத்தடையை நீக்கிற்று. மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் பேச்சுரிமையை நாட்டியது; நம்முடைய முதல் திருத்தமோ பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளை நாட்டியது.

நம்மைப் பொறுத்தவரை முதன்மையான நாள் 1948 டிசம்பர் 8. மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி அன்று சபை ஆராய்ந்தது. சிறுபான்மையோர் என்ற சொல்லிற்கு டாக்டர் அம்பேத்கர் தந்த விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. சென்னையிலிருந்து சிலர் பம்பாய்க்குப் போய்க் குடியேறினால், சட்ட நுணுக்கப்படி அவர்கள் சிறுபான்மையோர் ஆகாவிட்டாலும், மொழியாலும் பண்பாட்டாலும் அங்கே அவர்கள் சிறுபான்மையோரே என்றார். வங்காளத்தில் குடியேறிய மராட்டியரையும் அவ்வாறே காட்டினார். இன்று 29, 30ஆம் விதிகளாக உள்ளவை அவ்வெண்ணத்தின் விளைவு. அம்மண்ணில் எத்தனை தலைமுறையாக வாழ்ந்தாய் என்று அவை கேட்பதில்லை. பழங்குடியாய்ச் சித்தூரில் இருந்தவர்க்கும், நேற்று மாற்றலாகி ரேணிகுண்டாவில் இறங்கியவர்க்கும் அவ்வுரிமை ஒன்றே.

ஆனால் எல்லையை வரையும் அதிகாரம் வேறு செய்தி. இங்கே நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்திற்கு நேர் எதிராகச் சென்றது. அங்கே ஒரு மாநிலத்தின் நிலத்தை, அம்மாநிலச் சட்டசபையின் இசைவின்றிப் பிரித்தெடுக்க முடியாது. 1820இல் மெயின் மாநிலம் பிறந்ததும் மாசசூசெட்ஸ் இசைந்த பிறகே. நம் மூன்றாம் விதியோ அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடம் கொடுத்து, மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும் என்கிறது. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டசபை பிரிவினை மசோதாவை ஏற்க மறுத்தும், அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா பிறந்ததை நாம் கண்ணெதிரே கண்டோம்.

இவ்வதிகாரத்தின் நிழலில்தான் நம் எல்லைப் போராட்டமும் நிகழ்ந்தது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். ஆந்திர மாநிலம் அமைவதாக நான்கு நாளில் அறிவிப்பு வந்தது. சென்னை மாநிலத்தில் தமிழ்ப் பெரும்பான்மைக்குக் கீழே தம் மொழி தாழ்கிறது என்பது தெலுங்கரின் நெடுநாட் குறை. அக்குறை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அது தீர்ந்த அன்றே சித்தூர் மாவட்டத் தமிழர் அதே குறையின் மறுபக்கத்தில் நின்றனர். ம. பொ. சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோரும் வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்தினர். முடிவில் எச். வி. பட்டாஸ்கர் நடுவராய் அமர்ந்து, கிராமத்தை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவாகவும் கொண்டு தீர்வு கண்டார். 1959இல் பாராளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டில் லோக்சபையின் சபாநாயகர் சித்தூர்த் தொகுதியினரான அனந்தசயனம் ஐயங்கார்; ராஜ்யசபையின் தலைவரோ திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்திற் பிறந்து, திருப்பதி மிஷன் பள்ளியிற் படித்த டாக்டர் இராதாகிருஷ்ணன். இருபெரும் சபைகளின் தலைமையும் சர்ச்சைக்குரிய இம்மண்ணின் மைந்தரிடமே இருந்தமை வியப்பிற்குரியது.

திருத்தணி போயிற்று, சத்தியவேடு வந்தது. எவ்வளவு நேர்மையாக வரைந்தாலும் கோட்டின் இருபுறமும் மீந்தோர் உளர். சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் தமிழர். ஓசூரிலும் திருத்தணியிலும் தெலுங்கர். தமிழ்நாட்டில் 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமானபோது, அங்குள்ள மொழிச் சிறுபான்மையோர் நீதிமன்றம் சென்றனர். நாம் இங்கே கேட்பதைத்தான் அவர்கள் அங்கே கேட்டார்கள். இங்கே உரிமை கோரும் நாவால் அங்கே அவர்களை ஏசுவது முறையாகாது. மொழிச் சிறுபான்மையை மாநிலத்தை அலகாகக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 2002 அக்டோபர் 31ஆம் நாள் டி. எம். ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இதனாலேயே.

கிளர்ச்சி அடங்கிய பிறகு எஞ்சியது பள்ளிக்கூடம். எதையும் செய்யாதே என்று அரசைத் தடுக்கும் விதிகள் நம்மிடம் வலுவாக உள்ளன. இதைச் செய் என்று அரசை ஏவும் விதிகள் அவ்வளவு வலுவுடையன அல்ல. மாநிலச் சீரமைப்புக் குழுவின் பரிந்துரைப்படி 1956இல் ஏழாம் திருத்தத்தால் 350அ, 350ஆ என இரு விதிகள் சேர்க்கப்பட்டன. முன்னது, சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்ற சொல்லின் இடுக்கில் எத்தனையோ வகுப்புகள் நழுவி விழலாம்! பின்னது, மொழிச் சிறுபான்மையோர்க்கான தனி அதிகாரி ஒருவரை அமைக்கிறது. 1957இல் அப்பதவி தொடங்கிற்று. அவர் விசாரிப்பார், அறிக்கை எழுதுவார்; அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாகப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும். ஆணையிடும் அதிகாரம் அவருக்கில்லை. ஜெபர்சன் விரும்பியபடி நீதிபதியின் கையில் ஆயுதமும் இல்லாமல், மாடிசன் அஞ்சிய தாள் வேலியாய் இவ்விதிகள் இடையில் நிற்கின்றன.

நடைமுறைக்குக் கைகொடுப்பது அரசியல் சட்டத்தினும் முந்திய ஒரு தீர்மானம். 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, தொடக்கப் பள்ளி ஒன்றில் மொத்தம் 40 குழந்தைகளோ, ஒரு வகுப்பில் 10 குழந்தைகளோ வேற்றுத் தாய்மொழியினராய் இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்று வகுத்தனர். மொழிச் சிறுபான்மையோர் அதிகாரியின் அறிக்கைகள் மாநிலங்களை வினவிவந்ததும் இவ்வளவுகோலைக் கொண்டே. எண்ணிக்கை பத்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தால் கேட்கும் வலிமையும் குறைகிறது. குழந்தையை ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்ப ஒவ்வொரு பெற்றோர்க்கும் உரிமை உண்டு. அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் தமிழ் வகுப்பை விரும்பும் பெற்றோரும் நம் காலனியிலும் அண்டைத் தெருக்களிலும் உள்ளனர். அவர்கள் விருப்பம் வாய்மொழியாய் இருக்குமட்டும் கணக்கில் ஏறாது. பள்ளி திறந்தபின் கேட்டால், ஆசிரியர் நியமனம் முடிந்தது என்ற விடை வரும். ஆண்டுத் தேர்வு முடியும் முன்னரே, பத்துப் பெயர்களும் பத்துக் கையெழுத்துகளும் கொண்ட விண்ணப்பம் தலைமையாசிரியரிடம் சேர்ந்து, அதன் நகல் மாவட்டக் கல்வி அதிகாரியிடமும் சேர்தல் வேண்டும்.